மொட்டைமாடி ஆன்டெனாவும் அரக்கோணத்து விமானமும்: வடசென்னையிலிருந்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வானில் போகும் விமானம் தான் யார், எங்கே இருக்கிறேன், எவ்வளவு உயரத்தில் எவ்வளவு வேகத்தில் போகிறேன் என்று 1090 மெகாஹெர்ட்ஸில் தானே சொல்லிக்கொண்டு போகிறது. இதற்கு ஏடிஎஸ்-பி என்று பெயர். ஒரு சின்ன யுஎஸ்பி ரிசீவரும் விரல் நீளக் கம்பியும் ஒரு கம்ப்யூட்டரும் இருந்தால் ராயபுரம் மாடியிலிருந்தே இதைப் பிடிக்கலாம். கம்ப்யூட்டர் பைத்தியமும் போர்விமானப் பைத்தியமும் சேர்ந்தே இருப்பவர்கள் கேட்கும் கேள்விகள் கீழே.

என்னென்ன வாங்க வேண்டும்?

ஆர்டிஎல்2832யு சிப்பும் ஆர்820டி2 ட்யூனரும் உள்ள எஸ்டிஆர் டாங்கிள் (மேலே சொன்ன யுஎஸ்பி ரிசீவர்) ஒன்று. டிவி பார்க்கச் செய்யப்பட்ட பொருள்தான், நமக்கு இதுவே ரேடியோ. உலோகக் கூடும், ஆன்டெனாவைத் திருகி மாட்டும் எஸ்எம்ஏ கனெக்டரும் உள்ளதாகப் பாருங்கள். பிளாஸ்டிக் கூட்டில் வரும் மலிவு ரகம் சூட்டில் வாடிவிடும், அதன் ஆன்டெனாத் துளையும் நாளடைவில் ஆடிப்போகும். அடுத்து ராஸ்பெரி பை என்ற உள்ளங்கை அளவுக் கம்ப்யூட்டர் ஒன்று. 3, 4, ஜீரோ 2 டபிள்யூ எதுவானாலும் சரி. பை 5 இந்த வேலைக்கு அதிகப்படி. 16 ஜிபி மெமரி கார்டு, நல்ல பவர் அடாப்டர், ஆர்ஜி-6 கேபிள், அதை டாங்கிளில் மாட்ட ஒரு எஸ்எம்ஏ அடாப்டர்.

ரிச்சி தெருவில் எல்லாம் கிடைக்கும். ஆனால் எஸ்எம்ஏ அடாப்டர் வாங்கும்போது கண்ணால் பார்த்து வாங்குங்கள். வைஃபை ரவுட்டருக்கு வரும் ஆர்பி-எஸ்எம்ஏ மரை ஒன்றுபோலவே ஏறிவிடும். நடுவில் ஊசி மட்டும் இருக்காது. சிக்னல் சுத்தமாக வராது, நீங்கள் ஒரு வாரம் சாஃப்ட்வேரைத் திட்டிக்கொண்டிருப்பீர்கள்.

வீட்டில் கிடக்கும் பழைய லேப்டாப் போதாதா?

பழகிப்பார்க்கப் போதும். நாள் முழுக்க ஓடவிடுவதென்றால் கரண்ட் கணக்கைப் பாருங்கள். 25 வாட் இழுக்கும் லேப்டாப் இரண்டு மாத பில்லில் 36 யூனிட் சாப்பிடும். 4 வாட் பை சுமார் 6 யூனிட்டோடு நின்றுவிடும். இலவசமாக வரும் யூனிட்டில் ஒரு பெரும்பங்கை விமானம் பார்க்கவே கொடுத்தால் வீட்டில் பேச்சு வாங்க வேண்டியதுதான்.

ஆன்டெனாவை நானே செய்யலாமா?

செய்யலாம், செய்வதுதான் நல்லது. 1090 மெகாஹெர்ட்ஸின் அலைநீளம் 275 மில்லிமீட்டர். அதில் கால்பங்கு 69 மி.மீ. டாங்கிளோடு வரும் இழுப்பு ஆன்டெனாவை அந்த நீளத்துக்கு நீட்டி ஜன்னலில் வைத்தாலே பத்து விமானம் வரும். மாடிக்கு ஏற்றுவதென்றால் இப்படிச் செய்யுங்கள்.

கேபிள் டிவிக்காரர் இரண்டு கேபிளை இணைக்கப் பயன்படுத்தும் எஃப் ஜாயின்ட்டர் ஒன்று, நட்டோடு. 1 மி.மீ. தடிமன் பித்தளைத் தகடு. தகட்டைக் கூட்டல் குறி வடிவில் வெட்டுங்கள்: நான்கு கைகள், ஒவ்வொன்றும் நடுப்புள்ளியிலிருந்து 70 மி.மீ. நீளம், 10 மி.மீ. அகலம். நடுவில் துளைபோட்டு ஜாயின்ட்டரைச் செருகி நட்டால் இறுக்குங்கள். ஜாயின்ட்டரின் வாய் தகட்டுக்கு மேலே எவ்வளவு குறைவாக நீட்டிக்கொண்டிருக்கிறதோ அவ்வளவு நல்லது. நான்கு கைகளையும் 45 டிகிரி கீழே வளையுங்கள். கை நேராகவே இருந்தால் ஆன்டெனாவின் மின்மறுப்பு (இம்பீடன்ஸ், மாறுமின்னோட்டத்துக்கு அது காட்டும் தடை) 36 ஓம் பக்கம் இருக்கும். கீழே சாய்த்தால் 50-ஐ நெருங்கும். டாங்கிள் எதிர்பார்ப்பது அதைத்தான்.

நிமிர்ந்து நிற்கும் கம்பிக்குத் துண்டு ஆர்ஜி-6 கேபிளை உரித்து நடுக்கம்பியை எடுத்துக்கொள்ளுங்கள். 1 மி.மீ. தடிமன், ஜாயின்ட்டரின் துளைக்கென்றே செய்ததுபோல் பொருந்தும். வாயிலிருந்து மேலே 68 அல்லது 69 மி.மீ. தெரியும்படி விட்டு வெட்டுங்கள். ஒரு மில்லிமீட்டர் பிசகினால் குடிமுழுகாது. அரை சென்டிமீட்டர் பிசகினால் தெரியும்.

அலுமினியத் தகடு மலிவுதானே என்று கேட்பார்கள். நம் கடற்காற்றில் அலுமினியமும் ஜாயின்ட்டரின் உலோகமும் தொட்டுக்கொண்டிருக்கும் இடத்தில் வெள்ளையாகப் பூத்து, ஒரு மழைக்காலம் முடிவதற்குள் தொடர்பு அறுந்துவிடும்.

எந்தக் கேபிள்?

தெருமுனைக் கேபிள் டிவிக்காரர் வைத்திருக்கும் ஆர்ஜி-6. இது 75 ஓம், டாங்கிள் 50 ஓம் என்று யாராவது பயமுறுத்துவார்கள். அந்தப் பொருத்தமின்மையால் போவது 0.2 டெசிபெல்லுக்கும் குறைவு. கேபிளின் நீளத்தால் போவதுதான் கணக்கு: 10 மீட்டர் ஆர்ஜி-6-ல் சுமார் 2 டெசிபெல், அதே நீளம் ஆர்ஜி-58-ல் சுமார் 6 டெசிபெல். ஆறு டெசிபெல் என்றால் வந்த சிக்னலில் நான்கில் மூன்று பங்கு வழியிலேயே செத்துவிட்டது என்று பொருள். ஆன்டெனாவோடு இலவசமாக வரும் மெல்லிய ஆர்ஜி-174 கம்பியை மூன்று மீட்டருக்கு மேல் நினைக்கவே வேண்டாம்.

ஆர்ஜி-6-ன் மேல்வலை அலுமினியம், ஈயம் ஒட்டாது. சால்டரிங் முயற்சியை விட்டுவிட்டு எஃப் கனெக்டரைக் கிரிம்ப் செய்யுங்கள், அதாவது இடுக்கியால் நசுக்கிப் பொருத்துங்கள். கிரிம்ப் செய்யும்போது வலையின் ஒரு மயிரிழை நடுக்கம்பியைத் தொட்டாலும் ஷார்ட். மல்டிமீட்டரில் ஒருமுறை பார்த்துவிட்டு மாடிக்கு எடுத்துப்போங்கள்.

மாடியில் எங்கே வைப்பது?

தண்ணீர்த் தொட்டிக்கு மேலே. பக்கத்தில் இல்லை, மேலே. ஆயிரம் லிட்டர் தண்ணீர் இந்த அலைவரிசைக்குச் சுவர் மாதிரி. காலையில் தொட்டி நிறைந்திருக்கும்போது மேற்குப் பக்கம் விமானமே இல்லாமல் போய், சாயந்திரம் தொட்டி காலியானதும் திரும்ப வந்தால் ஆவி பேய் ஒன்றுமில்லை, தொட்டிதான்.

ஒரு அங்குல ஜிஐ பைப் ஆறடி போதும். கைப்பிடிச்சுவரில் இரண்டு இடத்தில் கிளாம்ப் அடியுங்கள். யு-போல்ட், நட்டு எல்லாம் ஸ்டெயின்லெஸ்ஸாக இருக்கட்டும். காசிமேட்டுப் படகுச் சாமான் கடைகளில் கேட்டால் உப்புக்குத் தாங்கும் சரக்காகவே எடுத்துக்கொடுப்பார்கள்.

இன்னொன்று, நம் பக்கத்துக்கே உரியது: காற்றாடி. தடை இருந்தும் மாஞ்சா பறக்கத்தான் செய்கிறது. அறுந்து வரும் நூல் ஆன்டெனாவில் சுற்றிக்கொண்டால் கீழே நின்று இழுக்காதீர்கள். ஆன்டெனாவும் வளையும், கையும் அறுபடும். ஏறிப்போய்க் கத்தரியால் வெட்டுங்கள். ஆன்டெனாவைக் குழாய்க்குள் மூடிவைத்தால் பாதிப் பிரச்சினை தீரும்.

மாடி வீட்டு அக்கா ரேடியேஷன் வருமா என்று பயப்படுகிறார்.

இது கேட்கும் கருவி மட்டுமே, எதையும் அனுப்பாது. டிவி ஆன்டெனா மாதிரி என்று சொல்லுங்கள். திரையில் ஒரு விமானத்தைக் காட்டிவிட்டு அதே விமானத்தை வானத்தில் காட்டினால் அடுத்த நாள் அவரே வந்து கேட்பார்.

உப்புக்காற்றில் எத்தனை நாள் தாங்கும்?

திறந்து வைத்தால் ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர் கடலோரத்தில் ஆறு மாதம் தாண்டுவது கஷ்டம். செம்பு பச்சை பிடிக்கும், ஈரம் கேபிளின் வலைக்குள் இறங்கும். விமான எண்ணிக்கை கொஞ்சம் கொஞ்சமாகக் குறையும். கொஞ்சம் கொஞ்சமாகக் குறைவதால்தான் யாரும் கவனிப்பதில்லை.

மேலே சொன்ன ஆன்டெனாவின் சாய்ந்த கைகள் ஏறக்குறைய 100 மி.மீ. அகலத்துக்குள் அடங்கிவிடும். அதாவது 110 மி.மீ. பிவிசி கழிவுநீர்க் குழாய்க்குள் அப்படியே நிற்கும். இரண்டு பக்கமும் மூடி. கம்பியின் நுனிக்கும் மேல் மூடிக்கும் நடுவில் இரண்டு மூன்று சென்டிமீட்டர் இடைவெளி. கீழ் மூடியில் கேபிளுக்கு ஒரு துளை, அதோடு 4 மி.மீ. அளவில் இன்னொரு துளை. இந்த இரண்டாவது துளையைத்தான் எல்லோரும் மறப்பார்கள். காற்றுப்புகாமல் அடைத்தால் இரவில் உள்ளே வியர்த்த ஈரம் வெளியேற வழியின்றி ஜாயின்ட்டரிலேயே தங்கும்.

வெளியில் இருக்கும் எஃப் இணைப்பின்மேல் தானாக ஒட்டிக்கொள்ளும் ரப்பர் டேப்பை இழுத்துச் சுற்றி, அதன்மேல் சாதாரண இன்சுலேஷன் டேப். சிலிகான் பூசுவதானால் வினிகர் வாடை அடிக்கும் வகை வேண்டாம். அந்த வாடைதான் அசிட்டிக் அமிலம். செம்பை உள்ளிருந்தே அரிக்கும். நியூட்ரல் என்று எழுதியதை வாங்குங்கள். கேபிள் வீட்டுக்குள் நுழையும் இடத்தில் ஒரு சாண் கீழே தொங்கவிட்டு மேலே ஏற்றினால் மழைத்தண்ணீர் வளைவிலேயே சொட்டிவிடும்.

வடகிழக்குப் பருவமழையில், இடி வருவதற்கு முன்பே, கேபிளை டாங்கிளிலிருந்து கழற்றி வெளியே விட்டுவிடுங்கள். புயல் எச்சரிக்கை என்றால் பைப்பையே இறக்கிவிடுங்கள். 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் அடித்தபோது மரங்களே நிற்கவில்லை.

எல்லாம் மாட்டியாகிவிட்டது, ஒரு விமானமும் வரவில்லை.

பெரும்பாலும் டிரைவர் தகராறு. லினக்ஸ் இந்த டாங்கிளைப் பார்த்ததும் டிவி ட்யூனர் என்று நினைத்துத் தன் டிரைவரை மாட்டிவிடும். பிறகு விமானச் செய்தியைப் பிரித்துப் படிக்கும் ரீட்எஸ்பி, டம்ப்1090 போன்ற நிரல்களுக்கு டாங்கிள் கிடைக்காது. அந்த டிவி டிரைவரைத் தடைப்பட்டியலில் போட்டு ரீஸ்டார்ட் செய்ய வேண்டும். விண்டோஸில் ஸாடிக் என்ற சின்ன நிரலால் வின்யுஎஸ்பி டிரைவரை மாற்ற வேண்டும்.

அடுத்தது மின்சாரம். ராஸ்பெரி பையில் மானிட்டர் மாட்டிப் பாருங்கள். மூலையில் மஞ்சள் மின்னல் குறி தெரிந்தால் அழுத்தம் 4.63 வோல்ட்டுக்குக் கீழே போகிறது. பழைய போன் சார்ஜரும் மெல்லிய கேபிளும்தான் குற்றவாளிகள். பை 3-க்கு 2.5 ஆம்பியர், பை 4-க்கு 3 ஆம்பியர் தேவை. பவர்பேங்கை நடுவில் வைத்து யுபிஎஸ் ஆக்கலாம் என்ற யோசனை நன்றாகத்தான் இருக்கும், ஆனால் கரண்ட் போகும் அந்த ஒரு நொடியில் பல பவர்பேங்குகள் வெளியீட்டை ஒருமுறை அறுத்துத்தான் தொடரும்.

விமானம் பட்டியலில் வந்து வரைபடத்தில் மட்டும் வரவில்லை என்றால் உங்கள் அட்சரேகை, தீர்க்கரேகையைச் சரியாகக் கொடுத்தீர்களா பாருங்கள். இடத்தகவல் ஒற்றை, இரட்டை என இருவகைச் செய்தியாகப் பிரிந்து வருகிறது. இரண்டும் கிடைத்தால்தான் புள்ளி விழும். சிக்னல் பலவீனமானால் ஒன்று கிடைத்து மற்றது தவறிப்போகும்.

எதிர் மாடியிலேயே செல்போன் டவர் இருக்கிறது. என்ன செய்வது?

வடசென்னையில் இது பாதிப் பேருக்கு உண்டு. டவர் 870 முதல் 960 மெகாஹெர்ட்ஸ் வரை கத்துகிறது, நாம் 1090-ல் முணுமுணுப்பைக் கேட்கப் பார்க்கிறோம். அறிகுறி: கெயினை (டாங்கிள் சிக்னலைப் பெருக்கும் அளவை) ஏற்ற ஏற்ற விமான எண்ணிக்கை கூடாமல் குறையும். 1090 மெகாஹெர்ட்ஸ் ஃபில்டர் ஒன்றை முதலில், அதன் பிறகு ஆம்ப்ளிஃபயரைப் போடுங்கள். ஆம்ப்ளிஃபயர் முதலில் வந்தால் அது டவரின் கத்தலையும் சேர்த்துப் பெருக்கித் தானே திணறும். இரண்டும் உள்ளேயே அமைந்த டாங்கிளும் கிடைக்கிறது.

ஆம்ப்ளிஃபயர் இல்லையென்றால் கெயினை 49.6-ல் தொடங்கி 44.5, 42.1, 40.2 என இறக்கிப் பாருங்கள். மீனம்பாக்கத்தில் இறங்கும் விமானங்கள் அருகில் வரும்போது காணாமல் போனால் கெயின் அதிகம். ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஒரு முழுநாள் கொடுங்கள். காலை எட்டு மணிப் போக்குவரத்தை மதியம் மூன்று மணியோடு ஒப்பிட்டால் எதுவும் விளங்காது.

எவ்வளவு தூரம் வரை தெரியும்?

கணக்கு எளிது. ஆன்டெனாவின் உயரம், விமானத்தின் உயரம் இரண்டையும் மீட்டரில் எடுத்து, தனித்தனியே வர்க்கமூலம் கண்டு, கூட்டி, 4.12-ஆல் பெருக்கினால் கிலோமீட்டர். 15 மீட்டர் உயர ஆன்டெனாவும் 35,000 அடி விமானமும் என்றால் சுமார் 440 கி.மீ. இது பூமியின் வளைவு தரும் எல்லை. கட்டடங்களும் கேபிளும் சேர்ந்து அதைக் குறைக்கும். கிழக்கே கடல் திறந்து கிடப்பதால் அந்தமான் பக்கம் போகும் விமானங்கள் நமக்குத் தாம்பரத்துக்காரர்களைவிட நன்றாகக் கிடைக்கும். மேற்கே அடுக்குமாடிகள்.

விமானம் ரன்வேயைத் தொடப்போகிறது, இன்னும் 200 அடிக்கு மேல் உயரம் என்று காட்டுகிறதே?

ரிசீவரில் பிழையில்லை. விமானம் அனுப்பும் உயரம் 1013.25 ஹெக்டோபாஸ்கல் காற்றழுத்தத்தை வைத்து எண்ணுவது. கோடையில் சென்னையின் அழுத்தம் 1005 பக்கம் இருக்கும். கடல்மட்டத்தருகே ஒரு ஹெக்டோபாஸ்கல் என்பது ஏறத்தாழ 27 அடி. வித்தியாசத்தைப் பெருக்கிப் பாருங்கள். புயல் சின்னம் நெருங்கும் நாளில் இந்த எண் இன்னும் ஏறும்.

மெமரி கார்டு அடிக்கடி சாகிறது.

பதிவுகளை ரேமில் எழுதும்படி அமைத்துவிடுங்கள், பவரைப் பிடுங்காமல் ஷட்டவுன் செய்யுங்கள். சிசிடிவிக்கு விற்கும் கார்டு நீண்டநாள் வரும்.

அரக்கோணத்துக் கடற்படை விமானங்கள் தெரியுமா?

பலரும் இதற்காகத்தான் வருகிறார்கள். அரக்கோணத்தில் இருப்பது ஐஎன்எஸ் ராஜாளி, 1992 மார்ச் 11 அன்று தொடங்கப்பட்ட தளம். அங்கிருந்து நெடுங்காலம் பறந்த சோவியத் தயாரிப்பு டியூ-142 கடல் கண்காணிப்பு விமானங்கள் 2017 மார்ச் 29 அன்று ஓய்வுபெற்றன. அவற்றின் இடத்தைப் பிடித்தது போயிங் பி-8ஐ. முதல் விமானம் 2013 மே மாதம் வந்திறங்கியது. இப்போது மொத்தம் 12 உண்டு. ஒரு பகுதி கோவாவில்.

ராயபுரத்திலிருந்து அரக்கோணம் நேர்கோட்டில் அறுபத்தைந்து கிலோமீட்டர் வாக்கில். மேலே சொன்ன சூத்திரத்தில் 1,000 அடி உயரத்தைப் போட்டால் 88 கி.மீ. வருகிறது. அதாவது காகிதத்தில் புறப்பட்ட சில நிமிடத்திலேயே தெரிய வேண்டும். நிஜத்தில் நடுவில் நகரம் முழுக்கக் கட்டடம் நிற்பதால் இரண்டாயிரம், மூவாயிரம் அடி ஏறிய பிறகே எட்டும்.

எட்டினாலும் எல்லாவற்றையும் சொல்லாது. ராணுவ விமானம் ஏடிஎஸ்-பியை அணைத்து வைக்கலாம். அப்போதும் தரை ரேடார் 1030 மெகாஹெர்ட்ஸில் கேட்கும் கேள்விக்கு அதன் டிரான்ஸ்பாண்டர் (விமானத்தில் உள்ள பதில் சொல்லும் ரேடியோ) 1090-ல் பதில் தரும்; அதில் அடையாள எண்ணும் உயரமும் இருக்கும், இடம் இருக்காது. உங்கள் பட்டியலில் 80 முதல் 83 வரையிலான எண்ணில் தொடங்கும் ஆறிலக்க முகவரி (இந்தியாவுக்கு ஒதுக்கியது), 27,000 அடி உயரம், பெயர் இல்லை, வரைபடத்தில் புள்ளி இல்லை என்று ஒரு வரி வந்தால் கவனியுங்கள். உறுதியாகச் சொல்லிவிட முடியாது, ஆனால் பொழுதுபோக்கின் சுவையே அந்த வெற்று வரிதான்.

எம்லாட் என்ற முறையில் ஒரே செய்தியை நான்கு ரிசீவர்கள் கேட்ட நேர வித்தியாசத்தை வைத்து இடத்தைக் கணக்கிடலாம். ஒரு மைக்ரோ செகண்ட் பிசகினால் 300 மீட்டர் பிசகும். அதனால்தான் உங்கள் ஆன்டெனா இருக்கும் இடத்தைத் துல்லியமாகக் கொடுக்கச் சொல்கிறார்கள்.

தஞ்சாவூர் சுகோய், சூலூர் தேஜஸ்?

எதிர்பார்க்காதீர்கள். போர்விமானங்கள் பொதுவாக இந்த அறிவிப்பைச் செய்வதில்லை. 2024 அக்டோபர் 6 மெரினா சாகச நிகழ்ச்சிக்கு வானமே அதிர்ந்தது. அதையெல்லாம் பார்க்கக் கண்தான் வேண்டும், டாங்கிள் இல்லை.

கண்ணால் பார்த்து எப்படி அடையாளம் காண்பது?

பி-8ஐ அடிப்படையில் போயிங் 737, ஆகவே தூரத்தில் பயணிகள் விமானம் என்றே தோன்றும். இறக்கை நுனியைப் பாருங்கள்: பயணிகள் 737-ல் மேல்நோக்கி மடிந்திருக்கும், இதில் மடிப்பில்லாமல் பின்னோக்கிச் சரிந்து கூராக முடியும். வாலுக்குப் பின்னால் ஒரு கம்பு நீட்டிக்கொண்டிருக்கும். நீர்மூழ்கியின் காந்தத் தடத்தை மோப்பம் பிடிக்கும் கருவி அது. அமெரிக்கக் கடற்படையின் பி-8ஏ-வில் அந்தக் கம்பு கிடையாது.

கடலோரமாகத் தாழப் போகும் சின்ன இரட்டை புரொபெல்லர், இறக்கை முதுகின்மேல் இருந்தால் அநேகமாகக் கடலோரக் காவல்படையின் டார்னியர் 228. காலையில் கடலைப் பார்த்துப் படமெடுத்தால் எல்லாமே கறுப்பு நிழல்தான். மூன்று மணிக்கு மேல் சூரியன் நம் முதுகுக்குப் போனதும் எடுங்கள்.

இதெல்லாம் சட்டப்படி சரியா?

ரேடியோக் கருவிகளை 1933-ஆம் ஆண்டின் கம்பியில்லாத் தந்திச் சட்டம் தொடங்கி 2023-ஆம் ஆண்டின் தொலைத்தொடர்புச் சட்டம் வரை கட்டுப்படுத்தி வந்திருக்கின்றன. வாங்கும் முன் இன்றைய விதியைத் தொலைத்தொடர்புத் துறையின் தளத்தில் படித்துவிடுங்கள். அதே டாங்கிள் 118 முதல் 137 மெகாஹெர்ட்ஸ் வரை விமானியின் பேச்சையும் கேட்கவைக்கும். அந்தப் பக்கம் போகாதீர்கள். தளங்களின் வேலியருகே நின்று கேமரா நீட்டுவதும் வேண்டாம். 1923-ஆம் ஆண்டின் அலுவல் ரகசியச் சட்டம் இன்னும் உயிரோடுதான் இருக்கிறது.

கடற்படை விமானம் இப்போது இங்கே போகிறது என்று வாட்ஸ்அப் குழுவில் ஸ்கிரீன்ஷாட் போடுவது எங்கள் பார்வையில் தவறு, பதற்றமான நாட்களில் பெருந்தவறு. படைகளின் நடமாட்டத்தை நேரலையில் காட்டக் கூடாது என்று 2025 ஏப்ரல் 26 அன்று தகவல் ஒலிபரப்பு அமைச்சகம் ஊடகங்களுக்கே அறிவுறுத்தியது. நம் குழுவுக்கும் அது பொருந்தும்.

விமானம் அலுத்துவிட்டால் இந்த டாங்கிளை வைத்து வேறென்ன செய்யலாம்?

கப்பல். துறைமுகம், காட்டுப்பள்ளி, எண்ணூர் காமராஜர் துறைமுகம் மூன்றும் நம் வாசலில்தானே. கப்பல்கள் 161.975, 162.025 மெகாஹெர்ட்ஸ் இரண்டிலும் தாங்கள் யார், எங்கே என்று சொல்லும் ஏஐஎஸ் செய்தி அனுப்புகின்றன. கம்பியின் நீளத்தை 69 மில்லிமீட்டரிலிருந்து 46 சென்டிமீட்டராக மாற்றி, தகட்டுக் கைகளையும் அதே நீளத்துக்கு நான்கு கம்பிகளாக வைக்க வேண்டும். 1090 ஃபில்டரைக் கழற்ற மறக்காதீர்கள், மறந்தால் கடலில் ஒரு கப்பலும் இருக்காது.